எந்த அணி நம் அணி?

மழைக்காலம் விடைபெறுகிறது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை மும்பையை நனைத்த மேகங்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டன. சிவாஜி பார்க்கிலும் ஆசாத் மைதானத்திலும் சேறு உலர்ந்து புல் தலைதூக்குகிறது. கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் தீபாவளிப் பட்சணத்துக்கு மாவு அரைக்கும் இந்த இடைவேளையில், நம் இல்லங்களில் ஆண்டுதோறும் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. “இந்த வருஷமாவது தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை வெல்லுமா?” என்பதே அது.

இப்பகுதியில் நாம் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பையும், வீட்டு மொழியையும், வரவு செலவையும் பற்றிப் பேசுவோம். இம்மாதம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் இருக்கிறது. படித்து முடித்தபின், இதுவும் குடும்ப விஷயமே என்று அன்பர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

பந்தயப் பருவம் பிறக்குமுன் எல்லா அணிகளும் சமம். புள்ளிப் பட்டியலில் எல்லாருடைய பெயருக்கு எதிரிலும் பூஜ்யமே நிற்கும். அந்தச் சில வாரங்களே ரசிகனுடைய பொற்காலம். இந்தத் துவக்க ஆட்டக்காரர் ஆயிரம் ஓட்டங்கள் எடுப்பார், அந்த வேகப் பந்துவீச்சாளருடைய முழங்கால் இனித் தொல்லை தராது, சேப்பாக்கத்தில் மழை பெய்யாது என்றெல்லாம் அவன் மனத்தில் கணக்குப் போடுகிறான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அப்படியிருந்தும் உழவன் உழாமல் இருக்கிறானா? தமிழ்நாட்டு அணியின் ரசிகனும் அவ்வாறே.

மிஞ்சிய உழக்கு எவ்வளவு என்று பார்ப்போம். 2024-25 பருவம் முடிய, சென்னை என்ற பழைய பெயரிலும் தமிழ்நாடு என்ற இன்றைய பெயரிலுமாக நம் அணி பன்னிரண்டு முறை இறுதிப் பந்தயத்தை எட்டியிருக்கிறது. வென்றது இரண்டே முறை. 1954-55-இல் இந்தோருக்குச் சென்று ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்றது முதல் தடவை. பிறகு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 1987-88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸும் 144 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது இரண்டாம் தடவை. மற்றப் பத்து முறையும் இரண்டாம் இடமே கிட்டியது. அந்தப் பத்தில் ஐந்து முறை, அதாவது 1935-36, 1967-68, 1972-73, 2002-03, 2003-04 ஆகிய பருவங்களில், கோப்பையைத் தட்டிச் சென்றது வேறு யாருமல்ல. நாம் குடியிருக்கும் இந்த மும்பைதான்.

இங்கேதான் நம் சங்கடம் தொடங்குகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நாம், எந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறோமோ அந்த ஊரே நம் அணியை வீழ்த்தக் காண்கிறோம். 2023-24 முடிய நாற்பத்திரண்டு முறை கோப்பையை வென்ற மும்பைக்கு இன்னொரு வெற்றி பெரிதல்ல. நமக்கோ ஒவ்வொரு தோல்வியும் பெரிது. அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டுக்குள் இருக்கிறது. தந்தை “நம்ம டீம்” என்று சொல்லும்போது தமிழ்நாட்டைக் குறிப்பிடுகிறார். இங்கேயே பிறந்து, பள்ளிக்காக ஹாரிஸ் ஷீல்டிலோ கைல்ஸ் ஷீல்டிலோ ஆடிவரும் மகன் “நம்ம டீம்” என்று சொல்லும்போது மும்பையைக் குறிப்பிடுகிறான். சொல் ஒன்று, பொருள் இரண்டு. “நாம் பெற்ற பிள்ளை நம்மவனாக இல்லையே” என்று சில பெற்றோர் உள்ளூர வருந்துவதை நாம் அறிவோம். அந்த வருத்தத்துக்கு ஆதாரம் உண்டா என்பதையே ஆராய விரும்புகிறோம். அதற்குமுன், ரசிகருக்குரிய கடமையாக, பந்தயத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடுவோம்.

ரஞ்சிப் பந்தய முறை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. அண்மைப் பருவங்களில் முதல் தரப்பிரிவில் நான்கு தொகுதிகள். தொகுதிக்கு எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் ஏழு லீக் பந்தயங்கள் ஆடவேண்டும். ஒவ்வொன்றும் நான்கு நாள் ஆட்டம். முழு வெற்றிக்கு ஆறு புள்ளி. இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ வென்றால் கூடுதலாக ஒன்று. வெற்றி தோல்வியின்றி முடிந்தால், முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு மூன்றும் பிந்தியவருக்கு ஒன்றும் கிடைக்கும். தொகுதியில் முதலிரண்டு இடம் பெற்றவர்கள் கால் இறுதிக்குச் செல்வார்கள். அதன் பிறகு ஐந்து நாள் ஆட்டம். அங்கும் முடிவு ஏற்படாவிட்டால் முதல் இன்னிங்ஸில் முந்தியவரே வென்றவராவார். ஆகவே இந்தப் பந்தயத்தில் முதல் இன்னிங்ஸ் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் போன்றது.

அந்த அஸ்திவாரத்தில்தான் நம் அணி திரும்பத் திரும்பச் சறுக்கியிருக்கிறது. 1972-73 இறுதிப் பந்தயத்தை எண்ணிப் பாருங்கள். வெங்கடராகவனும் வி. வி. குமாரும் நம் பக்கம். சேப்பாக்கம் ஆடுகளமும் பந்து சுழல்வதற்கென்றே அமைந்திருந்தது. நடந்ததென்ன? இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் பந்தயமேனும் ஆடும் பேறு வாய்க்காத பம்பாயின் பத்மாகர் சிவல்கர், முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்கள் கொடுத்து எட்டு விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 18 கொடுத்து ஐந்தையும் வீழ்த்தினார். நாம் எடுத்தவை 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. வெட்டிய குழியில் தாமே விழுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் கதை மாறவில்லை. 2014-15 இறுதிப் பந்தயம் கர்நாடகத்துடன் இதே மும்பையின் வான்கடே மைதானத்தில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் நம் அணி 134. 2023-24 அரை இறுதியில் மும்பைக்கு எதிரே 146. பெரிய நாளின் முதல் காலையில், பந்து புதிதாகவும் ஆடுகளம் ஈரமாகவும் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், விக்கெட்டைக் காத்து நிற்கும் பொறுமை நம்மவரைக் கைவிட்டு விடுகிறது. ஆகவே இந்தப் பருவத்துக்கு நம் முதல் விருப்பம், சதம் அடிக்கும் வீரரைவிட, முதல் நாள் பகலுணவு வேளைவரை ஆட்டமிழக்காது நிற்கும் ஒருவரைக் காண்பதே.

இரண்டாம் குறையைப் பலர் கவனிப்பதில்லை. எதிரியைப் பாதி வழிவரை அழகாகத் துரத்திவிட்டு, மீதி வழியில் விட்டுவிடுவது நம் அணியின் பழக்கமாயிருக்கிறது. 2014-15-இல் கர்நாடகம் 84 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து திணறியது. அப்போது வான்கடேயில் அமர்ந்திருந்த தமிழன் கோப்பை கைக்கு எட்டிவிட்டதென்றே எண்ணியிருப்பான். கருண் நாயர் 328 ஓட்டங்கள் குவித்தார், ராகுல் 188. அந்த 84 வளர்ந்து 762 ஆயிற்று! 2023-24 அரை இறுதி, பாந்த்ரா-குர்லா வளாக மைதானத்தில், தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது. மும்பை 106 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து நின்றது. நம் காப்டன் சாய் கிஷோர் அந்த இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். அப்பருவம் முழுவதும் அவர் எடுத்த 53 விக்கெட்டுகளை வேறெந்தப் பந்துவீச்சாளரும் எட்டவில்லை. எனினும் சார்துல் தாக்கூர் கீழ்வரிசையில் இறங்கிச் சதம் அடித்தார். தனுஷ் கோட்டியான் ஆட்டமிழக்காது 89 எடுத்தார். கடைசி மூன்று விக்கெட்டுகள் 272 ஓட்டங்களைச் சேர்த்தன. மும்பை 378. மூன்றே நாளில், ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் வித்தியாசத்தில் நாம் தோற்றோம்.

இது அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பந்து பழையதாகி, வெயில் ஏறி, ஆடுகளம் அமைதியடையும் இரண்டாம் நாள் பிற்பகலில் வேலை முடிக்கும் வேகப் பந்துவீச்சாளர் வேண்டும். சேப்பாக்கமும் சென்னை லீக் பந்தயங்களும் நல்ல சுழற்பந்து வீச்சாளரைத் தலைமுறை தலைமுறையாகத் தந்திருக்கின்றன. வேகக்காரர்கள் அவ்வப்போது ஒருவர் இருவராகவே தோன்றியிருக்கிறார்கள். இந்தக் குறை தீர்ந்தாலன்றிக் கோப்பை தெற்கு நோக்கித் திரும்புவது கடினம்.

மூன்றாவது, வானமும் நாட்காட்டியும். மும்பையில் மழை விடும் ஐப்பசியில்தான் சென்னையில் மழை பிடிக்கிறது. ரஞ்சிப் பருவமோ பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கோவை, சேலம், திண்டுக்கல்லை அடுத்த நத்தம் ஆகிய இடங்களுக்கு ஆட்டங்கள் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மழையில் ஒரு நாள் போனால் ஆறு புள்ளி மூன்றாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, 2024-25-இல் ரஞ்சிப் பருவத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் குறுகிய ஓவர் பந்தயங்களை வைத்தார்கள். குறுகிய ஆட்டத்தில் நம்மவர் வல்லவர்கள்தாம். 2006-07, 2020-21, 2021-22 ஆகிய பருவங்களில் சையது முஷ்டாக் அலி கோப்பையை வென்றவர்கள். ஆனால் இருபது ஓவரில் விளாசிவந்த கையை, மறுபடி நான்கு நாள் ஆட்டத்தின் அடக்கத்துக்குப் பழக்குவது எளிதன்று. 2024-25-இல் கால் இறுதிவரை சென்று, நாகபுரியில் விதர்பாவிடம் 198 ஓட்டங்களில் தோற்றுத் திரும்பினோம். அந்த விதர்பாவே பின்னர் கோப்பையை வென்றது.

இவ்வளவு குறைகளை அடுக்கிய பிறகும் நம்பிக்கை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2024 ஜனவரியில் கோவையில் சண்டீகருக்கு எதிராக ஜெகதீசன் 321 ஓட்டங்கள் குவித்ததை நாம் மறக்கவில்லை. ஓட்டம் குவிக்கும் கைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நெருக்கடியில் விட்டுக்கொடாத மனமே தேவை. மும்பை ஆட்டக்காரரின் அந்தப் பிடிவாதத்துக்கு இவ்வூரார் ‘கடூஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 106-க்கு ஏழு என்ற நிலையிலும் தோற்றுவிட்டோம் என்று எண்ண மறுப்பதே கடூஸ். எதிரியிடம் கற்பதில் இழுக்கில்லை.

இனி வீட்டுச் சங்கடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அணி யாருடையது? தமிழ் மண்ணில் வேரூன்றிய பழங்குடியினருக்கு மட்டும் உரியதா? ரஞ்சிப் பந்தயத்தின் முதல் நாளையே சாட்சியாக அழைக்கிறோம். 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வித்தியாசத்தில் சென்னை வென்றது. மைசூரின் இருபது விக்கெட்டுகளில் பதினொன்றை ஒரே ஒருவர் வீழ்த்தினார். அவர் பெயர் ஏ. ஜி. ராம் சிங். தலைப்பாகை அணிந்த சீக்கியர். அவர் பெயரின் முன்னெழுத்தாகிய ‘ஏ’ எதைக் குறிக்கிறது தெரியுமா? அமிர்தசரஸை! நம்மவர் கும்பகோணத்தையும் திருநெல்வேலியையும் முன்னெழுத்தாகச் சுமப்பதுபோல, அக்குடும்பம் தன் பூர்விக ஊரைப் பெயரில் சுமந்துகொண்டு சென்னைக்காக ஆடியது.

அதோடு நிற்கவில்லை. 1954-55-இல் முதன்முறை கோப்பை வந்தபோது, இந்தோர் இறுதிப் பந்தயத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் அரைச் சதம் கடந்தவர் ராம் சிங்கின் புதல்வர் கிருபால் சிங். மறு ஆண்டே, 1955 நவம்பரில், ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிரே தம் முதல் டெஸ்டில் சதம் அடித்தார். அவர் தம்பி மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். மூன்றாம் தலைமுறையில், 1988-89 பருவத்தில், கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு ஆறு விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள் குவித்தபோது, டபிள்யூ. வி. ராமன் 313 எடுத்தார். மறுமுனையில் 302 எடுத்து ஆட்டமிழக்காது நின்றவர் கிருபால் சிங்கின் மகன் அர்ஜன் கிருபால் சிங். தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறை! 1987-88-இல் கோப்பை வென்ற அணியில் ராபின் சிங்கும் இருந்தார். அவர் பிறந்தது கடல்கடந்த டிரினிடாடில். சென்னைக்கு வந்தது கல்லூரிப் படிப்புக்காக.

ஆகவே நம் அணியின் பெருமைக்குரிய நாட்களிலெல்லாம், வேறெங்கிருந்தோ வந்து அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட குடும்பத்தின் உழைப்பு கலந்திருக்கிறது. அமிர்தசரஸில் இருந்த உறவினர் எவரேனும், “சென்னைக்காக ஆடுகிறாயே, நீ நம்மவன்தானா?” என்று ராம் சிங்கைக் கேட்டிருந்தால் நாம் சிரித்திருப்போம் அல்லவா? அதே கேள்வியை மும்பைக்குக் கைதட்டும் நம் மகனிடம் நாமே கேட்பது எந்த நியாயம்? சென்னையில் பிறந்த முரளி கார்த்திக் பல்லாண்டு ரயில்வே அணிக்குப் பந்து வீசினார். இந்தோரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வெங்கடேஷ் ஐயர் மத்தியப் பிரதேசத்துக்கு ஆடிவந்திருக்கிறார். சென்னை ஒரு காலத்தில் பிறருக்குத் திறந்து வைத்த கதவை, மற்ற ஊர்கள் நம் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கின்றன. கொடுத்ததைப் பெறுகிறோம், அவ்வளவே.

அப்படியானால் பெற்றோர் தம் அணியைக் கைவிட வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம். பிள்ளைக்குக் கட்டளையாகத் தராமல் கதையாகத் தரவேண்டும் என்பதே நம் கருத்து. சேப்பாக்கத்தில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் பந்து எப்படி வளையும், வெங்கடராகவன் விரல் சுழற்றும் விதம் எப்படி, திருவல்லிக்கேணிச் சந்துகளில் மட்டையாக உதவியது எது என்பனவற்றையெல்லாம் அவனுக்குச் சொல்ல நாம்தான் இருக்கிறோம். அவற்றைப் பள்ளிக்கூடம் சொல்லாது. “மும்பையை ஆதரிக்காதே” என்று அதட்டினால், பையன் தொலைக்காட்சியை வேறு அறைக்கு மாற்றிக்கொள்வான். அதோடு அந்தக் கதைகளும் போகும். கதைகளோடு அவற்றைச் சொல்லும் தமிழும் போகும். நமக்கு நஷ்டமாகக்கூடியது அதுதான். கோப்பை போனால் அடுத்த ஆண்டு வரும்.

எனவே ஒரு யோசனை. தமிழ்நாட்டு அணி எந்த வெளியூருக்கு ஆட வந்தாலும், அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஒரு நாளாவது மைதானத்துக்குப் போகவேண்டும். மும்பையாயினும், டில்லியாயினும், கல்கத்தாவாயினும், நாகபுரியாயினும் சரி. ரஞ்சிப் பந்தயங்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. இருக்கைகளும் நிறையக் காலியாகவே கிடக்கும். டப்பாவில் தயிர்சாதமும், ஒரு நோட்டுப் புத்தகமும், குடையும் போதும். நோட்டில் ஓட்டக் கணக்கைப் பையனே எழுதட்டும். பந்துவீச்சாளர் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நான்கு நாள் ஆட்டத்தில் பாதி நேரம் ஒன்றும் நடக்காது என்று குறை சொல்வாருண்டு. அந்தப் பாதி நேரமே தந்தையும் மகனும், தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கு வாய்த்த நேரம். அலுவலகமும் மின்சார ரயிலும் விழுங்கிவிட்டு மிச்சம் வைக்கும் நம் நாட்களில், அப்படி ஒரு பிற்பகல் வேறெங்கே கிடைக்கும்?

அங்கே அவன் மும்பைக்குக் கைதட்டட்டும். நாம் தமிழ்நாட்டுக்குத் தட்டுவோம். மும்பையின் கடைசி விக்கெட் ஜோடி நின்று ஆடத் தொடங்கினால், 106-க்கு ஏழு என்ற பழைய கணக்கை அவன் நமக்கு நினைவூட்டிக் கேலி செய்வான். செய்யட்டும். அந்தக் கேலியைத் தமிழில் செய்கிறானா என்று மட்டும் கவனியுங்கள்.

பருவம் பிறக்கப்போகிறது. புள்ளிப் பட்டியலில் இன்னும் எல்லாருக்கும் பூஜ்யந்தான். நம் துவக்க ஆட்டக்காரர்கள் முதல் நாள் பகலுணவு வரை நிற்பார்கள் என்றும், நம் வேகக்காரர் ஒருவர் எட்டாவது விக்கெட்டை விரைந்து சாய்ப்பார் என்றும், சென்னை வானம் நான்கு நாட்கள் பொறுத்துக்கொள்ளும் என்றும் நம்புவோமாக. இந்த வருஷமாவது!